சதிக்கு எத்தனை பேர் வேண்டும்? புரூட்டஸ், பொற்கொல்லன், காக்கை வன்னியன்

கரும்பலகை | வெள்ளி இரவு 8.40

எல்லாருக்கும் வணக்கம். முல்லைத்தீவுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஏ.எல். (உயர்தர) பிள்ளைகளுக்கு நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கிறேன். மாசி கடைசியில் வாசிகசாலை முற்றத்தில் பிள்ளைகள் ஒரு காட்சி போடப் போகிறார்கள். ஷேக்ஸ்பியரின் யூலியஸ் சீசர். எல்லாரும் கேட்டது கொலைக் காட்சியைத்தான், கையில் கத்தி கிடைக்கும் என்ற ஆசை. நான் பிடிவாதமாக அதற்கு முந்தின இரவைத் தெரிந்தெடுத்தேன். புரூட்டஸின் தோட்டம், விடியப் போகிற நேரம், சதிகாரர்கள் முகத்தை மூடிக்கொண்டு வந்து சேரும் இடம்.

இரண்டு சிக்கல். காட்சி முழுக்கக் குசுகுசுப்பு. முற்றம் திறந்த வெளி, மைக் இரண்டு, ஒரு பக்கம் வீதி. யாருக்குக் கேட்கப் போகிறது?

மற்றது ஒரு பிள்ளை கேட்ட கேள்வி. "சேர், கசியசுக்குச் சீசரில் எரிச்சல், அது விளங்குது. புரூட்டஸ் நல்ல மனுசன். சீசர் அவருக்கு ஒரு கெடுதலும் செய்யேல்லை. பிறகு ஏன் சேருறார்?" ரோமின் சுதந்திரத்துக்காக என்று குறிப்புக் கொப்பியில் இருக்கும் பதிலைச் சொன்னேன். பிள்ளை தலையாட்டியது. நம்பவில்லை என்று முகத்தில் தெரிந்தது. உண்மையைச் சொன்னால் எனக்கும் அந்தப் பதில் காணாது.

முறிகண்டிக் கச்சான் | வெள்ளி இரவு 8.52

ஒருத்தன் செய்தால் வஞ்சகம். நாலு பேர் கூடினால் சதி. நாற்பது பேர் கூடினால் அது சங்கப் பொதுக்கூட்டம், சேர். அங்கே யாரும் குசுகுசுக்க மாட்டினம்.

பாலைப்பழம் | வெள்ளி இரவு 9.35

கச்சான் சொன்ன கணக்கில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்தப் பிள்ளையின் கேள்வி. நல்ல கேள்வி. அதற்குப் பதில் கடிதத்தில் இருக்கிறது.

சதிக்கு ஆள் சேர்க்கிற கசியஸ் ஒரு வேலை செய்கிறான். வேறு வேறு கையெழுத்தில், பல ஊர்ச்சனங்கள் எழுதியதுபோல, கடிதங்கள் எழுதிப் புரூட்டசின் யன்னல் வழியே போட வைக்கிறான். மேடையில் அதில் ஒன்றைப் புரூட்டஸ் பிரித்து வாசிக்கிறான். வாசித்துப் பாருங்கள், அது முழுக் கடிதம் இல்லை. 'புரூட்டஸ், நீ நித்திரை கொள்கிறாய், எழும்பு' என்று இருக்கிறது. பிறகு 'ரோம்...' என்று தொடங்கி, பாதியிலே நிற்கிறது. மீதியைப் புரூட்டஸ் தானே சொல்லி நிரப்புகிறான்: ரோம் ஒரு தனி மனிதனுக்குப் பயந்து நிற்பதா என்று. அந்த வசனத்தைக் கசியஸ் எழுதவே இல்லை!

இன்னொன்று. கடிதம் கைக்கு வருவதற்கு முன்னமே, காட்சி தொடங்கின கையோடு, புரூட்டஸ் தனியே நின்று சொல்லும் முதல் முடிவு சீசர் சாகத்தான் வேண்டும் என்பது. எனக்கு அவரோடு தனிப்பட்ட கோபம் எதுவும் இல்லை என்று அடுத்த மூச்சில் சொல்லுகிறான். அப்புறம்தான் காரணம் தேடுகிறான். சீசர் இன்னும் கொடியவன் ஆகவில்லை, ஆகக்கூடும், ஆகவே பாம்பு முட்டையாக இருக்கும்போதே நசுக்கிவிடலாம் என்று. முடிவு முன்னுக்கு, காரணம் பின்னுக்கு. எங்கள் ஊரில் காணி வழக்குக்குப் போகிறவர்களை ஒருக்கால் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே சதிகாரன் பாதி வசனம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோ நாடகத்தில், தளபதி ஒதெல்லோவை மனைவியில் சந்தேகப்பட வைக்க இயாகோ செய்வதும் இதுதான். அந்த மனைவியோடு கதைத்த கசியோ விலகிப் போவதைக் கண்டு, 'ஆ, இது எனக்குப் பிடிக்கவில்லை' என்று வாய்க்குள் சொல்லிவிட்டுச் சும்மா நிற்பான். என்ன என்று கேட்டால், ஒன்றும் இல்லை என்பான். ஒதெல்லோ கேட்கும் சொல்லையே திருப்பிக் கேட்பான். மீதிக் கதை முழுவதையும் ஒதெல்லோவே தன் தலைக்குள் எழுதிக்கொள்ளுகிறான்.

கரும்பலகை | வெள்ளி இரவு 9.50

அக்கா, கடிதம் அரைகுறை என்பதை நான் கவனித்ததே இல்லை. நாங்கள் பாவிக்கும் தமிழ்ப் பிரதியில் கடிதத்தை முழுசாக்கி எழுதியிருக்கிறார்கள். நாளைக்கே வெட்டுகிறேன்.

அண்ணாவியார் பேரன் | சனி காலை 6.15

சேர், குசுகுசுப்புப் பற்றிக் கவலைப்படாதீர்கள். எங்கள் ஊரில் ஆடின கோவலன் கூத்தில் பொற்கொல்லன் ஒருநாளும் குசுகுசுத்தது இல்லை. கூத்து ஆடும் வட்டக்களரிக்குள் வரும்போதே தன் வரவைப் பாடிக்கொண்டுதான் வருவான். அரசியின் சிலம்பை எடுத்தவன் நான்தான், பழியை யாரில் போடலாம் என்று பார்க்கிறேன் என்று உச்சக் குரலில், மத்தளமும் சல்லரியும் அடிக்க, பிற்பாட்டுக்காரர் அதை இரண்டாம் தரமும் எடுத்துக் கொடுக்க. களரியைச் சுற்றிப் பாயில் கிடக்கிற சின்னப்பிள்ளை வரைக்கும் தெரியும். கோவலன் ஒருத்தனுக்குத்தான் தெரியாது. அந்த நேரம் சனம் படுகிற பாடு இருக்கிறதே, இரகசியத்தை ஒளித்து வைத்திருந்தால் வராது.

அம்மம்மாவுக்கு ஒரு பழக்கம். பொற்கொல்லன் களரிக்குள் வந்தவுடன் தன் சங்கிலியைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொள்ளுவா. பகிடிக்கு என்றுதான் சொல்லுவா. ஆனால் அந்த வேடம் கட்டினவர் எங்கள் பக்கத்து வயல்காரர். அவர் வாய்க்கால் வரம்பில் வந்தாலும் அதே தலைப்பு அதே இழுவை.

சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையை வாசித்தீர்கள் என்றால் பொற்கொல்லன் எவ்வளவு சிரமப்படுகிறான் என்று தெரியும். பாண்டியன் அரசியின் ஊடலைத் தீர்க்கப் போய்க்கொண்டிருக்கிறான். அந்த அவசரத்துக்குள் வழியில் விழுந்து கும்பிட்டுக் கள்வன் அகப்பட்டான் என்று இவன் சொல்லுகிறான். அரசனும் தீர யோசியாமல், சிலம்பு கள்வன் கையில் இருந்தால் 'கொன்று அச்சிலம்பு கொணர்க ஈங்கு' என்று விடுகிறான். இதுவரைக்கும் பாலைப்பழம் அக்கா சொன்ன மாதிரிதான், பாதி வசனம் போதும். ஆனால் காவலர் அப்படி இல்லை. கோவலனைப் பார்த்த ஒருவன், இவன் கொலைக்குரியவன் அல்லன், இலக்கணம் அமைந்த ஆள் என்று சொல்லுகிறான். அங்கே பொற்கொல்லன் நின்று மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று கள்வருக்குத் துணையான எட்டையும் விரித்து ஒரு பிரசங்கமே வைக்கிறான். அரசனுக்கு ஒரு வரி, காவலருக்கு எட்டுத் தலைப்பு. அவ்வளவு சொல்லியும் யோசிக்கிறவன் யோசித்துக்கொண்டு நிற்க, கடைசியில் வாளை வீசினவன் 'கல்லாக் களிமகன்' ஒருவன். அவனுக்குச் சதியும் தெரியாது, சிலம்பும் தெரியாது.

ஆகவே கச்சான் அண்ணை, கணக்கில் அந்தக் களிமகனையும் சேர்க்க வேண்டும். தெரிந்து செய்தவன் ஒருத்தன். தெரியாமல் கை கொடுத்தவர் எத்தனை பேர்?

பாலைப்பழம் | சனி காலை 7.02

இதுதான் நான் பிறகு வருகிறேன் என்று சொன்ன இடம். ஒதெல்லோவில், சந்தேகத்துக்குச் சாட்சியாகப் போகிற கைக்குட்டையை இயாகோவிடம் எடுத்துக் கொடுப்பது அவன் மனைவி எமிலியா. ஏன் கேட்கிறான் என்று அவளுக்குத் தெரியாது. கட்டியவன் கன நாளாகக் கேட்ட சாமான், கீழே கிடந்தது, எடுத்துக் கொடுத்தாள், அவ்வளவுதான். கடைசியில் உண்மையை உடைத்துச் சொல்லி, அவன் கையாலேயே சாகிறவளும் அவள்தான்.

தம்பி, அந்தக் கூத்து ஏடு இன்னும் இருக்கிறதா?

அண்ணாவியார் பேரன் | சனி காலை 7.20

இல்லை அக்கா. 2009 இடம்பெயர்வில் போய்விட்டது. மாத்தளனுக்குப் போகும் வரைக்கும் ஒரு உரப்பைக்குள் இருந்தது என்று மாமா சொல்லுவார். திரும்பி வந்த பிறகு ஆட்களைக் கூட்டி, வாயில் இருந்ததை எழுதி எடுத்தோம். கண்ணகி புலம்பல் எல்லாருக்கும் பாடம், ஒரு எழுத்துப் பிழையில்லாமல் பத்துப் பேர் பாடுவார்கள். பொற்கொல்லன் பாட்டு ஒருத்தருக்கும் முழுசாக வரவில்லை. அந்த வயல்காரர் அப்போது இல்லை. ஆளுக்கு ஒரு அடி சொல்லி, இடைவெளிக்குக் கூத்துப் பழக்கும் அண்ணாவியாரே பாட்டுக் கட்டினார். இப்போது ஆடுகிறது அந்தப் பாட்டுத்தான். எது பழசு, எது புதுசு என்று பிரிக்க ஏலாது.

முறிகண்டிக் கச்சான் | சனி காலை 7.31

அழுகை பாடமாயிருக்கு, களவு மறந்துபோச்சு. நல்ல சனம் நாங்கள்.

ஒட்டுசுட்டான் சந்தி | சனி மாலை 5.10

எல்லாரும் ரோம், வெனிஸ், மதுரை என்று சுற்றுகிறீர்கள். வன்னியில் இருந்துகொண்டு சதி நாடகம் என்றால் முதலில் நினைவுக்கு வர வேண்டியது பண்டாரவன்னியன் இல்லையா? 1803 ஓகஸ்ட் 25 அன்று முல்லைத்தீவுக் கோட்டையை வெள்ளைக்காரனிடம் இருந்து பிடித்த மன்னன். இரண்டு மாதம் கழித்துக் காக்கை வன்னியன் காட்டிக்கொடுத்து விழுத்தினான். பெண் கேட்டான், கொடுக்கவில்லை, அந்த வஞ்சம். கசியஸ், இயாகோ எல்லாரையும் சேர்த்து ஒரு ஆளாக்கினால் வருகிறவன் காக்கை வன்னியன். சேர், பிள்ளைகளுக்கு அதைப் பழக்குங்கள். மேடையில் காக்கை வன்னியன் வந்தால் கூவாத ஊர் வன்னியில் இல்லை.

பாலைப்பழம் | சனி இரவு 8.15

அண்ணை, நானும் சின்னதில் கூவினவள்தான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்.

யாழ்ப்பாண வைபவமாலை என்ற பழைய வரலாற்று நூலில் சங்கிலி மன்னனைப் பறங்கியரிடம் (போர்த்துக்கேயரிடம்) காட்டிக்கொடுக்கிறவனுக்கு என்ன பெயர்? காக்கை வன்னியன். சங்கிலி பிடிபட்டது 1619. பண்டாரவன்னியன் தோற்றது 1803. இடையில் 184 வருடம். இரண்டு பேரையும் காட்டிக்கொடுத்தவனுக்கு ஒரே பெயர்! ஒரே பெயரில் இரண்டு ஆள் இருக்கக் கூடாது என்று சட்டம் இல்லை. ஆனாலும் எனக்கு இது ஆளின் பெயரைவிட வேடத்தின் பெயர் போலத்தான் படுகிறது. கூத்தில் கட்டியகாரன் என்று ஒரு வேடம் இருக்கிற மாதிரி.

கற்சிலைமடு நினைவுக்கல்லில் இருந்த வாசகத்தை நினைத்துப் பாருங்கள். இந்த இடத்துக்கு அண்மையில் கப்டன் வொன் டிறிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தான், 31 ஒக்ரோபர் 1803. அவ்வளவுதான். கல் தோல்வியை மட்டும் சொல்லுகிறது. எப்படி என்று சொல்லவில்லை. அந்த இடைவெளியை நாங்கள் நிரப்பினோம். துப்பாக்கியும் பீரங்கியும் கொண்ட பேரரசிடம் ஒரு சிற்றரசன் இரண்டு மாதம் நின்று பிடித்துத் தோற்றான் என்று சொன்னால் மேடையில் கைதட்டு வராது. தோற்கவில்லை, காட்டிக்கொடுத்தார்கள் என்றால் வரும்.

சொபொக்கிளிசின் ஈடிப்பஸ் மன்னனிலும் இதுதான் நடக்கிறது. கொலைகாரன் நீதான் என்று குருட்டுச் சோதிடர் தைரீசியஸ் முகத்துக்கு நேரே சொல்லுகிறார். ஈடிப்பசுக்கு உடனே என்ன தோன்றுகிறது? என் மைத்துனன் கிரேயோன் இவருக்குக் காசு கொடுத்துவிட்டான், இரண்டு பேரும் சேர்ந்து என் சிம்மாசனத்துக்குக் குறி வைக்கிறார்கள் என்று. கிரேயோன் வந்து நியாயம் சொல்லுகிறான்: அரசனுக்கு உள்ள அதிகாரம் எனக்கும் இருக்கிறது, அவனுக்கு இருக்கிற பயம் எனக்கு இல்லை, நிம்மதியான நித்திரையை விட்டுவிட்டு முடியை ஏன் ஆசைப்படுவேன்? ஈடிப்பசுக்கு அது காதிலேயே ஏறவில்லை. அந்த நாடகத்தில் சதி என்று ஒன்றுமே இல்லை. சதி இருக்கிறது என்ற நினைப்பு மட்டும் இருக்கிறது. உண்மையைப் பார்ப்பதைவிடச் சதிகாரனைத் தேடுவது சுகம்.

ஒட்டுசுட்டான் சந்தி | சனி இரவு 8.22

அப்ப காட்டிக்கொடுப்பே நடக்கவில்லை என்கிறீர்களா? எங்கள் சனத்துக்கு ஒருத்தரும் துரோகம் செய்யவில்லையா? பெரிய படிப்புப் படித்தால் இப்படித்தான் வரும் போல.

பாலைப்பழம் | சனி இரவு 8.30

நடக்கவில்லை என்று நான் எழுதவில்லை. கல்லில் இல்லை என்றுதான் எழுதினேன்.

குளக்கட்டு | சனி இரவு 9.40

இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். வயதில் மூத்தவன் என்ற உரிமையில் சொல்லுகிறேன், துரோகம் என்ற அந்தச் சொல்லை இந்த மண்ணில் பார்த்துத்தான் பாவிக்க வேண்டும். அது ஒட்டினால் கழுவ ஏலாது. யார் யாருக்கெல்லாம் ஒட்டியது, எத்தனை வீட்டுப் படலையில் எழுதப்பட்டது என்று உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும். யூலியஸ் சீசரிலேயே இருக்கிறது. சீசர் செத்த பிறகு வெறிகொண்ட சனம் வீதியில் ஒரு ஆளைப் பிடிக்கிறது. பெயர் என்ன என்று கேட்கிறது. சின்னா என்கிறான். சதிகாரர் கூட்டத்திலும் ஒரு சின்னா உண்டு. ஐயோ, நான் அவனில்லை, பாட்டு எழுதுகிற சின்னா என்று கத்துகிறான். அப்படியானால் கூடாத பாட்டு எழுதினதுக்காகக் கிழியுங்கள் என்கிறது சனம். சேர், வாய்ப்பு இருந்தால் அந்தக் காட்சியையும் ஒருநாள் போடுங்கள். இரண்டு பக்கம்கூட வராது.

சண்டை தீர இன்னொரு பக்கத்தைத் திறந்துவிடுகிறேன். எங்கள் கூத்துகளில் சதி எப்போதும் கெட்டவன் கையில் இருக்கிறதா? வாலிவதையை எடுங்கள். மரத்துக்குப் பின்னால் நிற்பது யார்? இராமன். கம்பன் பாட்டில் வாலி நெஞ்சில் தைத்த அம்பைப் பிடுங்கிப் பார்த்து, அதில் இருக்கும் பெயரை வாசித்துத்தான் எய்தவன் யார் என்று அறிகிறான். கர்ணனை எடுங்கள். கவச குண்டலத்தைக் கேட்டு வருகிறவன் இந்திரன், கிழப் பிராமணன் வேடத்தில். குந்தியை அனுப்பி வரம் வாங்க வைக்கிறவர் கண்ணபிரான். கர்ணனுக்கு எதிராகக் கூடினது தேவலோகத்தில் பாதி. ஆனால் அதைச் சதி என்று யாராவது சொல்லுகிறோமா? திருவிளையாடல் என்கிறோம். சபையில் இருக்கிற கிழவிகள் மட்டும் கர்ணனுக்காகத்தான் அழுவார்கள். எந்தப் பக்கம் நியாயம் என்று அவர்களுக்குப் பாடம், கண்ணீர் மட்டும் மற்றப் பக்கம் போகும்.

சூழ்ச்சி என்ற சொல்லே முதலில் கூடாத சொல் இல்லை. 'சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்' என்று வள்ளுவர் 671ஆம் குறளில் சொல்லும்போது அது வெறும் ஆலோசனை. ஆராய்ந்து முடிவெடுத்த பிறகு தாமதிக்காதே என்கிறார். கம்பராமாயணத்தில் மந்தரை சூழ்ச்சிப் படலம் என்று வரும்போது அதற்கு நஞ்சு ஏறிவிட்டது. மந்திரிசபை கூடினால் ஆலோசனை, கூனி கூடினால் சூழ்ச்சி.

முறிகண்டிக் கச்சான் | சனி இரவு 9.58

ஐயா, கூனி தனி ஆள். ஒருத்தன் என்றால் வஞ்சகம் என்று நான் முதலே தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

குளக்கட்டு | சனி இரவு 10.05

கைகேயியைச் சேர்த்தால் இரண்டு. நித்திரைக்குப் போ தம்பி.

ஒட்டுசுட்டான் சந்தி | ஞாயிறு காலை 6.40

கொஞ்சம் சூடாகிவிட்டேன், அக்கா குறை நினைக்க வேண்டாம். வைபவமாலைச் சங்கதி எனக்குத் தெரியாது. இரவு எடுத்துப் பார்த்தேன், இருக்கிறதுதான். ஆனாலும் காக்கை வன்னியன் இல்லாமல் பண்டாரவன்னியன் நாடகம் போட ஏலாது. போட்டால் யாரைப் பார்த்துக் கூவுகிறது?

கரும்பலகை | ஞாயிறு இரவு 7.30

இவ்வளவையும் இரண்டு தரம் வாசித்தேன். ஒத்திகையில் நடந்ததை எழுதுகிறேன்.

கடிதத்தை அரைகுறையாக்கினோம். கேள்வி கேட்ட அதே பிள்ளைக்குத்தான் புரூட்டஸ் வேடம், பெண்பிள்ளை. வாசித்துக்கொண்டு வந்தவள் பாதியில் நின்றாள். பிரதியில் மீதி இல்லை. பார்த்தாள், அடுத்த வசனத்தைத் தானாகச் சொன்னாள். சொன்னவுடன் "ஓ" என்றாள். அந்த "ஓ" நாடகத்தில் இல்லை, ஆனால் வைத்திருக்கலாம் போல இருந்தது.

பிறகு அந்தக் கூட்டத்தில் புரூட்டஸ் எடுக்கும் முடிவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். சத்தியம் செய்வோம் என்கிறான் கசியஸ். வேண்டாம், நேர்மையானவருக்கு வாக்கே போதும் என்கிறான். சிசரோவைச் சேர்ப்போம் என்கிறார்கள். வேண்டாம், மற்றவன் தொடங்கினதை அவர் பின்தொடர மாட்டார் என்கிறான். சீசரின் நண்பன் அன்ரனியையும் முடிப்போம் என்கிறான் கசியஸ். வேண்டாம், நாங்கள் பலியிடுகிறவர்கள், கசாப்புக்காரர் இல்லை என்கிறான். கெட்டவன் சொல்லுகிற ஒவ்வொன்றும் சதிக்குச் சரி. நல்லவன் சொல்லுகிற ஒவ்வொன்றும் சதியைக் குழப்புகிறது. நல்ல பேருக்காகச் சேர்த்த மனுசனே கூட்டத்தைக் கவிழ்க்கிறான். பிள்ளைகள் இதைக் கண்டுபிடித்ததும் வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை. கசியஸ் கட்சியில்தான் ஆள் கூட.

மிச்சம் ஒரே ஒரு இடம். புரூட்டசும் கசியசும் ஒதுங்கிக் காதுக்குள் கதைக்கிறார்கள். என்ன கதைக்கிறார்கள் என்று ஷேக்ஸ்பியர் எழுதவில்லை. அந்த நேரத்தில் மற்றவர்கள் சூரியன் எங்கே உதிக்கும் என்று வாக்குவாதப்படுகிறார்கள்! இதுதானே கிழக்கு என்கிறான் டீசியஸ். இல்லை என்கிறான் கஸ்கா. வாளை நீட்டி, இந்த மாதத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து இங்கேதான் வரும், இரண்டு மாதம் போனால் வடக்கே ஏறும் என்கிறான். நாடகத்தின் அதிமுக்கியமான கதை காதுக்குள் நடக்க, சபைக்குக் கிடைப்பது சூரியன். இதை வெட்டுவதா விடுவதா?

அண்ணாவியார் பேரன் | ஞாயிறு இரவு 7.48

வெட்ட வேண்டாம் சேர். மேடை போடாமல் முற்றத்து நடுவில் வட்டக்களரியாக வையுங்கள். கிழக்கு உண்மையான கிழக்காகவே இருக்கட்டும்.

கரும்பலகை | இரண்டு கிழமைக்குப் பிறகு, ஞாயிறு காலை 8.10

நேற்றுப் போட்டோம். நூற்றைம்பது பேர் மட்டில் வந்திருந்தார்கள். ஒரு மைக் தொடக்கத்திலேயே செத்துவிட்டது.

சூரியன் இடம் வந்தது. டீசியஸ் பெடியன் பதற்றத்தில் வீதிப் பக்கம் கையை நீட்டி, இதுதானே கிழக்கு என்றான். அது மேற்கு. முன்வரிசையில் இருந்த ஒரு ஐயா பொறுக்க மாட்டாமல், "தம்பி, கிழக்கு அங்காலை, கடல் பக்கம்" என்றார். கஸ்கா கெட்டிக்காரி, வசனத்தை விடாமல் வாளை எடுத்துக் கடல் பக்கமாகக் கொஞ்சம் தெற்கே சாய்த்து நீட்டினாள். "அது சரி, மாசியில் அதில்தான் வரும்" என்று இன்னொருவர். "எங்கே, எங்கள் கிணற்றடிக்கு நேரே அல்லோ வருது" என்று ஒரு அம்மா. பின்னுக்கும் தொடங்கிவிட்டார்கள். சித்திரையில் எந்தப் பனைக்கு மேலே, தையில் எந்தப் பனைக்கு மேலே என்று.

புரூட்டசும் கசியசும் களரியின் மற்றப் பக்கத்தில் தலையோடு தலை வைத்து நின்றார்கள். ஒருத்தரும் பார்க்கவில்லை. நானும் பனையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.